மூன்று நாள் மௌனம் யாருக்காக?

2024 நவம்பர் 14ஆம் தேதி சூர்யா நடித்த 'கங்குவா' வெளியானது. மதியத்துக்குள் தியேட்டர் வாசல்களில் யூடியூப் சேனல்களின் மைக்குகள் நீண்டன, மாலைக்குள் படத்தின் கதி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஒரு வாரம் ஆவதற்குள் தமிழ் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய மூன்று படங்களும் முதல் நாள் முதல் காட்சி விமர்சனங்களால் அடிபட்டன, எனவே தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று உத்தரவிடும்படி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது, 2025 ஜூனில் மனுவையே தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தாலும் கோரிக்கை முடியவில்லை. ஒவ்வொரு பெரிய படம் சறுக்கும்போதும் அதே குரல் திரும்ப எழுகிறது. அந்த மூன்று நாள் மௌனத்துக்கான விலையை யார் கொடுப்பார்கள் என்பதைப் பார்க்காமல் இந்தக் கோரிக்கையை எடைபோட முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிந்த மாவட்டம் இது. ஆனால் சினிமா வியாபாரத்தில் அந்தப் பிரிவினை இன்னும் நடக்கவில்லை. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, என்.ஏ. (வடாற்காடு), எஸ்.ஏ. (தென்னாற்காடு), கோவை, சேலம், டி.டி., எம்.ஆர்., டி.கே. என்று பழைய ஏரியாக் கணக்கிலேயே படங்கள் விலை பேசப்படுகின்றன. விழுப்புரமும் திண்டிவனமும் அந்த எஸ்.ஏ.வுக்குள் அடக்கம். ஏரியாவுக்குள்ளும் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று தரம் உண்டு. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் அனந்தபுரம் போன்ற பேரூராட்சிகளும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களும் இந்தக் கணக்கின் கடைசி வரிசையில் நிற்பவை. ஹீரோவுக்குக் கட்அவுட் வைக்கும் கூட்டத்தைத்தான் கேமரா காட்டுகிறது. ஆனால் ஒரு படம் இரண்டாவது வாரம் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் இந்தக் கடைசி வரிசைக் குடும்பங்கள்.

படச்சுருள் காலத்தில் இவர்களுக்குப் படம் தாமதமாகத்தான் வந்தது. பிரிண்ட் போடுவது செலவு பிடித்த வேலை. எண்ணி எடுத்த பிரிண்டுகள் முதலில் நகரங்களில் ஓடும். ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்த பிறகு பெட்டி சி சென்டருக்கும் டூரிங் டாக்கீஸுக்கும் வரும். வண்டியில் மைக் கட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போகும்போது படம் நகரத்தில் வெளியாகிப் பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள் ஆகியிருக்கும். அந்தத் தாமதத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. விழுப்புரத்தில் பார்த்தவர், பாண்டிச்சேரியில் பார்த்தவர், பத்திரிகையில் படித்தவர் என்று பலர் வாயில் புகுந்து புறப்பட்ட பிறகே படம் கீற்றுக் கொட்டகைக்கு வந்தது. அது நல்ல படமா, போகலாமா என்பது திரை விலகும் முன்பே எல்லோருக்கும் தெரியும். 2000களின் நடுவில் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தன. பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. சென்னையின் மல்டிபிளெக்ஸில் ஓடும் அதே படம் அதே நாளில், அதே தரத்தில் சிறு ஊரின் திரையிலும் ஓட முடிந்தது. இது பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் நாளே படம் பார்க்கும் வசதியோடு, முதல் நாளே ஏமாறும் வாய்ப்பும் சேர்ந்து வந்தது. முன்பு காலம் கொடுத்த தகவலை இன்று விமர்சனம் கொடுக்கிறது. அதை மூன்று நாள் நிறுத்தினால் சி சென்டர் ரசிகனின் நிலை முன்னைவிட மோசமாகும்.

அந்த மூன்று நாள் எதற்காக என்பதும் தெளிவானது. நூறு நாள், வெள்ளி விழா என்று ஓடிய வியாபாரம் இன்று வெள்ளி, சனி, ஞாயிறு என்று சுருங்கிவிட்டது. ஒரே படம் மாநிலத்தின் பெரும்பாலான திரைகளை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறது. வசூலில் பெரும்பகுதி முதல் வார இறுதியிலேயே வந்தாக வேண்டும். திங்கள் காலைக் காட்சி காலியானால் அடுத்த வெள்ளிக்கு வேறு படம். நான்கே வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும் என்பது ரசிகனுக்கும் தெரியும். அந்த இடைவெளியை எட்டு வாரமாக்குங்கள் என்று தியேட்டர் உரிமையாளர்கள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டார்கள். இந்தச் சுருக்கத்தை உண்டாக்கியவர் எந்த விமர்சகரும் இல்லை. திரை எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியதும், நடிகரின் பெயரை நம்பிப் பட்ஜெட்டை ஏற்றியதும், ஓடிடி பணத்தை நம்பி இடைவெளியைக் குறைத்ததும் துறையே எடுத்த முடிவுகள். மினிமம் கேரண்டி கொடுத்துப் படம் வாங்கியவர் நஷ்டப்படுவதும் யூடியூப் வந்த பிறகு ஏற்பட்ட நோய் இல்லை. 2002இல் 'பாபா' சரியாகப் போகாதபோது வாங்கியவர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது யாரும் செல்போனில் விமர்சனம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் டிக்கெட் வாங்குபவரின் கணக்கு எளிமையானது. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 319 ரூபாய். டிக்கெட் தலைக்கு நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட் மட்டும் 400 ரூபாய். அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ போய்வரும் பஸ் செலவும் இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்னும் தனி. ஒரு நாள் உழைப்பு முழுவதையும் தாண்டிய தொகையை மூன்று மணி நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். படம் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. புடவைக் கடையில் விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டு வரவும் முடியாது. தயாரிப்பாளரிடம் டிரெய்லர், போஸ்டர், இசை வெளியீட்டு விழா, தொலைக்காட்சிப் பேட்டி என்று தன் பக்கத்தைச் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. வாங்குபவரிடம் இருப்பது தனக்கு முன்னால் பார்த்தவரின் வார்த்தை ஒன்றுதான். அதையும் நிறுத்தச் சொல்வது, பணம் கைமாறும்வரை உண்மை தெரியக்கூடாது என்று கேட்பதாகும்.

விமர்சனம் தமிழ் சினிமாவுக்குப் புதியதும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தபோதே ஆனந்த விகடனில் கல்கி அதைப் பற்றி எழுதினார். பின்னாளில் அதே இதழ் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் மதிப்பெண் போட்டது. 1977இல் '16 வயதினிலே' படத்துக்குக் கிடைத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் சினிமா ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாக்குதலும் அன்று குறைவாக இல்லை. 1952இல் 'பராசக்தி' வந்தபோது தினமணி கதிர் 'பரப்பிரம்மம்' என்று தலைப்பிட்டுக் கடுமையாகச் சாடியது. அந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டு நாடகம் போட்டுப் பதில் சொன்னார்கள் தி.மு.க.வினர், படமோ பெரும் வெற்றி பெற்றது. நேர்மாறான உதாரணம் 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாடலே இல்லாத படம். பாராட்டும் தேசிய விருதுச் சான்றிதழும் கிடைத்தன, கூட்டம் வரவில்லை. திட்டி எழுதியதால் 'பராசக்தி' விழவில்லை, புகழ்ந்து எழுதியதால் 'அந்த நாள்' ஓடவில்லை. விமர்சனத்துக்கு இருக்கும் சக்தியைத் தயாரிப்பாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே இந்த வரலாறு சொல்கிறது.

அந்தச் சக்தி நிஜமாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: விளம்பரத்துக்குக் காசில்லாத படங்கள். பாலாவின் முதல் படமான 'சேது' 1999 டிசம்பரில் வந்தபோது தொடக்கத்தில் அதற்குக் கிடைத்தது நண்பகல் காட்சிதான். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அது நூறு நாளைத் தாண்டியது. 2002 பொங்கலுக்கு வந்த தங்கர் பச்சானின் 'அழகி' இந்தத் தென்னாற்காட்டு மண்ணையும் முந்திரிக்காட்டுப் பேச்சையும் திரைக்குக் கொண்டுவந்த படம். வாங்க ஆளில்லாமல் காத்திருந்து வெளியான அதையும் மவுத் டாக்தான் தூக்கி நிறுத்தியது. அண்மைக் காலத்திலும் இதேதான். 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' முதல் நாளைவிட அடுத்தடுத்த நாட்களில் வளர்ந்தது. 2025 மே 1ஆம் தேதி சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்த படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. புதிய இயக்குநர், பெரிய ஹீரோ இல்லை. நல்ல பேச்சு வரவரக் காட்சிகள் கூடின. மலையாளத்தில் பேசிய 'மஞ்சும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் ஓடிய ஓட்டத்துக்கும் வேறு காரணம் சொல்ல முடியாது. மூன்று நாள் வாய்ப்பூட்டு போட்டிருந்தால் இவற்றின் கதி என்ன? முதல் வார இறுதியில் கூட்டம் இல்லை என்று திங்களன்று எடுத்திருப்பார்கள். தடை பெரிய படத்துக்கு மூன்று நாள் கவசம், சின்னப் படத்துக்கு மூன்று நாள் பட்டினி. சிறு தயாரிப்பாளர்களும் இருக்கும் சங்கம் இதை ஏன் கேட்டது என்பதுதான் எனக்கு விளங்காத பகுதி.

'கங்குவா' விவகாரத்தில் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று இருக்கிறது. முதல் நாள் பார்த்தவர்களின் பெரிய புகார் சத்தம். வசனம் கேட்கவில்லை, காது வலிக்கிறது என்றார்கள். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தியேட்டர்களில் வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். படத்துக்கு ஆதரவாக எழுதிய சூர்யாவின் மனைவி ஜோதிகாவும் முதல் அரை மணி நேரம் சரியாக வரவில்லை, சத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு படத்தின் நீளமும் சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. 'இந்தியன் 2' வெளியான சில நாட்களில் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு வெட்டினார்கள். பரவலாகப் பாராட்டப்பட்ட 'மெய்யழகன்' படத்திலிருந்துகூட 18 நிமிடத்தை எடுத்தார்கள். முதல் நாள் கருத்துகள் வெறும் வன்மம் என்றால் அவற்றைக் கேட்டு ஏன் திருத்த வேண்டும்? மூன்று நாள் யாரும் வாய் திறந்திருக்காவிட்டால் அந்தச் சத்தம் நான்காம் நாள்வரை அப்படியே இருந்திருக்கும். முந்திக்கொண்டு ஆசையோடு டிக்கெட் எடுத்தவர்களின் காதுதான் சோதனைக்களம் ஆகியிருக்கும்.

தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. படம் பார்க்காமலே திட்டுபவர்கள் உண்டு. போட்டி நடிகரின் ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டு ஒரு படத்தை முதல் காட்சிக்கு முன்பே கொல்ல முயல்வது உண்டு. நடிகையின் உடலை, இயக்குநரின் குடும்பத்தைக் கேலி செய்து அதை விமர்சனம் என்பவர்கள் உண்டு. பணம் கொடுத்தால் புகழ்வேன், இல்லையேல் கிழிப்பேன் என்று பேரம் பேசுவதாகவும் புகார்கள் வருகின்றன. கேரளத்தில் இது வழக்காகவே வந்தது. 2023 அக்டோபரில் ஒரு படத்தைக் குறிவைத்து இழிவுபடுத்தியதாக யூடியூபர்கள் மீது கொச்சி போலீஸ் வழக்குப் பதிந்தது. கேரள உயர்நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024இல் 48 மணி நேர இடைவெளி வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆனால் இந்தக் குற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சட்டம் இருக்கிறது. அவதூறுக்கு வழக்குப் போடலாம், மிரட்டிப் பணம் கேட்டால் போலீஸுக்குப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு புகழ்வதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கவும் நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான்கு பேர் செய்யும் தவறுக்கு நாற்பதாயிரம் பேரின் வாயைக் கட்டுவதற்கு முன் இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்திப் பார்க்கலாம். காசு கொடுத்துப் புகழச் சொல்லும் வழக்கம் துறைக்குள் இருந்தால் அதையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கும்.

விமர்சகர்களும் திருந்த வேண்டும். இடைவேளையில் வெளியே வந்தவரின் வாயில் மைக்கைத் திணித்து, "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே ப்ரோ, செகண்ட் ஹாஃப் லேக்" என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு, கைகாட்டும் ஸ்டிக்கர் ஒட்டி வெளியிடுவதால் அனந்தபுரத்துக் குடும்பத்துக்குப் பயன் இல்லை. அவர்களுக்கு வேண்டியது குறிப்பான தகவல்: எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துப் போகலாமா, வெட்டுக்குத்து எவ்வளவு, கதை எந்த இடத்தில் சோர்கிறது, யாருடைய நடிப்புக்காகப் போகலாம். படம் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று படத்துக்குள்ளிருந்தே காட்டினால்தான் அது விமர்சனம். முடிவை உடைத்துச் சொல்வதும் டிக்கெட் எடுக்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகம்தான்.

தடை நடைமுறையில் நிற்காது என்பதையும் தயாரிப்பாளர்கள் அறிவார்கள். 2023 பொங்கலுக்கு 'துணிவு' கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இறுகியது; பெரிய படங்களுக்கும் காலை 9 மணிக்கே முதல் காட்சி. அதற்குள் பாலக்காட்டிலும் பெங்களூருவிலும் வெளிநாடுகளிலும் படம் முடிந்து, பார்த்தவர்கள் எழுதிவிடுகிறார்கள். ஹாலிவுட்டில் பெரும்பாலான படங்களை வெளியீட்டுக்கு முன்பே விமர்சகர்களுக்குப் போட்டுக்காட்டி, குறிப்பிட்ட நாள்வரை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்; அந்த நாள் வழக்கமாகப் படம் வருவதற்கு முன்னாலேயே வருகிறது. தமிழிலும் சில படங்களுக்கு முன்கூட்டியே பத்திரிகையாளர் காட்சி நடக்கிறது. அதை எல்லாப் படங்களுக்கும் வழக்கமாக்கினால், வியாழன் இரவே நிதானமாக எழுதிய விமர்சனம் கைக்கு வந்துவிடும். வாசலில் ஓடிப் பிடித்த ஒரு வரிக்கு இன்று இருக்கும் மதிப்பு தானாகவே குறையும். எட்டு வார இடைவெளியைத் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டால், மூன்று நாளில் எல்லாவற்றையும் அள்ளியாக வேண்டும் என்ற நெருக்கடியும் தளரும். இரண்டுக்கும் எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லை.