வறண்ட சீமையும் அலைப் பலகையும்

அருப்புக்கோட்டைப் பக்கத்து நேயர்களிடம் கடலில் நின்றபடி துடுப்புப் போடும் பலகையைப் பற்றிப் பேசினால், "கண்மாயிலேயே தண்ணீரைக் காணோம், பலகை ஒரு கேடா?" என்பார்கள். நியாயந்தான். ஆயினும் திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு, நீர் வருகிற வருஷத்தில் மூக்கையூருக்கருகே கடலைத்தான் சேருகிறது. ஆறு போகாத வருஷங்களிலும் நம் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்வருகிறார்கள். வந்ததும் பலகை வேண்டுமென்று பெற்றோரை நச்சரிக்கிறார்கள். அதுவோ பல்லாயிரம் ரூபாய்ச் சமாசாரம்.

இந்த வித்தை நமக்கு அந்நியமன்று. மண்டியிட்டும் நின்றும் துடுப்புப் போட்டு அலையைக் கடந்தவர்கள் நம் கட்டுமரக்காரர்கள். ஆங்கிலேயர் அந்தப் பெயரைக் கொண்டுபோய் இரட்டை உடல் கொண்ட படகுக்குச் சூட்டிவிட்டார்கள்!

பிள்ளைகள் ஆசைப்படுவது, ஓடும் பலகையின் மூக்கு நுனிவரை நடந்துபோய் நிற்கும் விளையாட்டு. பலகை தலைகுப்புறக் கவிழாதா? கவிழாமைக்குக் காரணம் பெரும்பாலும் வாலில் இருக்கிறது. அலைநீர் வாலின்மேல் ஏறி அதை அழுத்திப் பிடிக்கிறது. மூக்கின் அடியில் ஓடும் நீர் முன்பக்கத்தைத் தாங்குகிறது. ஆகவே மூக்கு அகன்று வட்டமாக, அடியில் சற்றே குழிந்திருக்க வேண்டும். வால் மேல்நோக்கி வளைய வேண்டும்; விளிம்பு உருண்டிருக்க வேண்டும்; அடியிலே ஒரே பெரிய சிறகு போதும். நீளம் 9 அல்லது 10 அடி. 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு 120 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு நலம். குறைந்தால் நிற்பதே பெரும்பாடு. கடைக்காரர் புகழும் கூர்மூக்கு நீளப் பலகை, சமநீரில் தொலைதூரம் போவதற்குரியது.

பலகை சரியாயிருந்தாலும் அலை சரியாக வேண்டுமே! நமக்கு அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. பாக் நீரிணையோ பல மாதங்கள் குளம்போல் கிடக்கும். கரையோரமாய் மெதுவாக, நீளமாக உடையும் அலைக்குச் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில்தான் ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றார்.

எனவே பணத்தை எண்ணுமுன் அங்கே பிள்ளையை அழைத்துப்போய், வாடகைப் பலகையில் நிற்கப் பழக்குங்கள். காற்றடைக்கும் பலகை மலிவு, மழைக்குப்பின் கண்மாயிலே மிதக்கவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கண்மாயின் அடியில் எத்தனை சீமைக் கருவேல முள் கிடக்கிறதென்பது அவர்களுக்குத் தெரியாது போலும்!