கிணறும் பள்ளியும்: சிங்கப்பூர்க் குடியேறிகளும் ஊரார் கொடையும்

கடல் கடந்து ஒரு புதிய நிலத்தில் கால் வைப்பவனுக்கு வேண்டுவன யாவை? வேலை வேண்டும் என்போம். அஃது உண்மையே. ஆயினும் வேலை கிடைக்கும் முன்னரே குடிக்க நீர் வேண்டும். தலை சாய்க்க இடம் வேண்டும். நோயுற்றால் கிடக்க ஒரு படுக்கையும், இறந்தால் அடக்கம் செய்ய நான்கு பேரும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இவற்றுள் பெரும்பாலானவற்றை அரசு தரவில்லை; ஊரில் இருந்தோரே தந்தனர். ஊரில் இருந்தோர் என நாம் குறிப்பிடுவோரும் சில ஆண்டுகள் முன்னதாக அதே துறையில் வந்திறங்கியவர்கள்தாம்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு வணிகத் துறையை நிறுவியது. அதன்பின் பாலெம்பாங்கிலிருந்து வந்து குடியேறிய அரபு வணிகர் சையிது உமர் அல்ஜுனைது, 1820இல் ஆற்றங்கரையை அடுத்து மரத்தாலான பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். குழாய் நீர் இல்லாத அக்காலத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த சையிது அலி, தெலுக் ஆயர் உள்ளிட்ட இடங்களில் பொதுக் கிணறுகளைத் தம் செலவில் அமைத்தார். கிணற்றுக்கு ஓர் இயல்பு உண்டு: இறைக்க வருபவன் எந்நாட்டான், எம்மதத்தான் என்று அது கேட்பதில்லை.

சீன வணிகர் டான் டோக் செங்கின் வரலாறும் இவ்வகையதே. மலாக்காவில் பிறந்த அவர், சிங்கப்பூருக்கு வந்து காய்கறியும் பழமும் கோழியும் விற்றுப் பின்னர்ப் பெருஞ்செல்வர் ஆனவர். தெருவோரங்களில் நோயுற்றுக் கிடந்த ஏழைக் குடியேறிகளுக்காக 1844இல் 5000 ஸ்பானிய டாலர்களை மருத்துவமனைக்கென அளித்தார். எனினும் கொடை கைக்கு வந்த அளவில் நோயாளிக்குப் படுக்கை கிடைத்துவிடவில்லை. அடிக்கல் 1844இல் நாட்டப்பெற்றும், நோயாளர் உள்ளே சென்றது 1849இல்தான். கட்டடம் எழுப்பக் கொடையாளர் உண்டு. அன்றாடம் கஞ்சி வார்க்கவும் மருந்து வாங்கவும் கொடுப்போர் அரியர் என்பது எக்காலத்தும் காணும் குறை. 1857இல் நகருக்கு நல்ல நீர் கொணர 13,000 டாலர் ஈந்த டான் கிம் செங்கின் கொடையும் பல்லாண்டுகள் பயன் தராமல் இழுபட்டது. 1882இல் நகராட்சி அவர் பெயரால் ஒரு நீரூற்றை எழுப்பி நன்றி தெரிவித்தது; அவரோ அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இனி நம்மவரிடம் வருவோம். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் அன்சர் சாகிபின் முன்னிலையில் 1826இல் ஜாமிஆப் பள்ளிவாசலை நிறுவினர். 1827இல் தெலுக் ஆயர் தெருவில் அமைந்த அல் அப்ரார் பள்ளி முதலில் கூரைக் குடிசையாகவே இருந்தது. அதனால் 'குச்சுப் பள்ளி' என்னும் தமிழ்ப் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. இத்தகைய பள்ளிகள் தொழுமிடமாக மட்டும் நின்றிருந்தால் நாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. புதிதாய் வந்தவன் தன் மொழி பேசுவோரைக் கண்டு, வேலைக்கும் தங்குமிடத்திற்கும் வழி கேட்கும் இடமாகவும் அவை விளங்கின. வக்ஃபு முறையின் வலிமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. வக்ஃபாக விடப்பட்ட நிலத்தை விற்றல் ஆகாது. அதன் வருவாயை மட்டுமே அறத்திற்குச் செலவிடலாம். எனவே கொடுத்தவர் மறைந்த பின்னும், அவர் முகமறியாத மனிதனுக்கு அது பயன்படுகிறது.

செல்வர் கொடையைச் சொன்னோம். செல்வம் இல்லாதார் கொடையே நம் நெஞ்சை மிகவும் கவர்கிறது. திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்து சென்ற நெசவுக் குடும்பங்கள் தஞ்சோங் பகார்ப் பகுதியில் குடியேறின. ஆடவர் பலர் தனியே சென்ற காலத்தில், இவர்கள் மனைவி மக்களோடு சென்றனர். பெண்கள் மசாலா இடித்தும் பொருள் ஈட்டினர். குழந்தைகள் உடன் இருந்தமையால் பள்ளிக்கூடத் தேவை பிறந்தது. 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் நொந்து போன ஊரில், முதலில் வயிற்றைப் பார்ப்போம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. பள்ளிக்குச் சூட்டிய பெயரோ சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயர். ஊர்ச் சங்கம் தன் ஊர்ப் பெயரை வைக்காமல், தமிழர் அனைவரும் அறிந்த புலவர் பெயரை வைத்தது தமிழ் பயில்வோராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

1960இல் அப்பள்ளி உயர்நிலைக் கல்விக்கும் இடம் தந்தது. சிங்கப்பூரில் தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி அளித்த பள்ளி அஃது ஒன்றே. ஆங்கிலக் கல்வியைப் பெற்றோர் நாடவே மாணவர் தொகை குறைந்து, 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. 1983 முதல் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி வருகிறது.

இன்று அந்நகரில் கட்டுமான வேலைக்கு வருவோரின் நிலை வேறு. தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வரும் இவர்கள் அனுமதிச் சீட்டின் காலம் முடிந்தால் திரும்ப வேண்டியவர்கள், விடுதிகளில் வாழ்பவர்கள். 2020இல் பெருந்தொற்று அவ்விடுதிகளில் பரவி, பல மாதங்கள் அவர்களை உள்ளேயே அடைத்தபோது, ஊரார் பலர் உணவும் பிற பொருள்களும் கொண்டு சென்றனர். 2006இல் தொடங்கப்பெற்ற ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் மருத்துவத் தொண்டர்களைக் கொண்டும் நன்கொடை பெற்றும் இவர்களுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் அளிக்கின்றன. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் பழைய கொடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறைத்தல் தகாது. அன்று கொடுத்தவர் வந்தவனைத் தம் பிற்கால அண்டை வீட்டானாக எண்ணிக் கொடுத்தார். கிணறும் பள்ளியும் அவ்வெண்ணத்தில் எழுந்தவை. இன்று கொடுப்பவரோ, விரைவில் திரும்பிச் செல்ல வேண்டியவன் என அறிந்தே கொடுக்கிறார். அதனால் அக்கொடை பெரும்பாலும் ஒரு வேளை உணவாகவும், ஒரு வார மருந்தாகவும் அமைகிறது.