சுமை தாங்கும் காற்று

திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அத்தொழிலிலிருந்து வளர்ந்ததே எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம். பலூனுக்கும் டயருக்கும் என்ன உறவு என்று மாணவ நண்பர்கள் வியக்கலாம். இரண்டும் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர்க் கலங்களே. சாலையில் சுமையைப் பெரிதும் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே.

இதனை மனத்திற் கொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் டிரெய்லர்களை நோக்குங்கள். முன்வண்டிக்கு எஞ்சின் உண்டு. ஓட்டுநர் திருப்பும் சக்கரங்கள் உண்டு. பின்னே வரும் டிரெய்லரின் சக்கரங்களோ வண்டியைச் செலுத்துவதுமில்லை, திருப்புவதுமில்லை. சுமத்தலும், உருளுதலும், பிரேக் பிடிக்கையில் நிற்றலுமே அவற்றின் பணி. ஆகவே, சேற்றைக் கவ்வும் தடித்த கட்டைகள் நல்ல சாலையில் ஓடும் டிரெய்லருக்கு வேண்டா. நீளவாக்கில் பள்ளக்கோடுகள் ஓடும் மேற்பரப்பும், திருப்பங்களில் துவளாத பக்கச்சுவருமே ஏற்றவை.

தேர்வில் முதலிடம் சுமை எண்ணுக்கே உரியது என்பேன். டயரின் பக்கத்தில் 146/143 என்றிருந்தால், தனிச் சக்கரமாயின் 3,000 கிலோவும், இரட்டைச் சக்கரமாயின் ஒவ்வொன்றும் 2,725 கிலோவும் தாங்கும் என்பது பொருள். இரட்டையில் ஏன் குறைவு? இரண்டும் எப்போதும் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை. ஒன்றில் காற்றுக் குறைந்தால் மற்றது இருவர் பாரத்தையும் சுமக்க நேரும். எனவே இணைச் சக்கரங்கள் ஒரே அளவினவாய், ஒரே காற்றழுத்தம் உடையனவாய் இருத்தல் வேண்டும்.

அடுத்தது வெப்பம். ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது சூடேறும், செய்து பாருங்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவரும் ஒவ்வொரு சுழற்சியிலும் அவ்வாறே மிகுதியாய் வளைகிறது. அச்சூடு உள்ளடுக்குகளைப் பிரிக்கிறது; முடிவில் டயர் வெடிக்கிறது. காற்றழுத்தத்தை வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்குவது தவறு.

வாங்கும்போது பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 1224 எனில், 2024-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் ஓடாது கிடந்தாலும் முதுமை அடையும்.

அச்சாலையில் டிரெய்லரை ஒட்டியே தொழிலாளியின் மிதிவண்டியும் செல்கிறது. டயரில் மிச்சம் பிடிப்பவர் வேறு. அது வெடித்தால் வீழ்பவர் வேறு. விலையைக் கேட்குமுன் சுமை எண்ணைக் கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.