எடுத்த கட்டி எங்கே போனது?

நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலிக்காது, அரிக்காது, காய்ச்சலும் வராது. அதனால் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று அதுபாட்டுக்குக் கிடக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியதும்தான் எல்லோர் கண்ணிலும் அது படும். பிறகு அவசரம். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துத் தடவச் சொல்வார் ஒருவர். மருவுக்குக் கட்டுவதுபோல் குதிரைமுடி கட்டச் சொல்வார் இன்னொருவர். விவரம் தெரிந்த பிள்ளை கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டும்: சின்னத் துளை, அரை மணி நேரம், தழும்பே தெரியாது.

அந்த விளம்பரம் முழுப்பொய் இல்லை. நெற்றியில் வரும் கொழுப்புக் கட்டியைத் தலைமுடிக்குள் சிறு கீறல் போட்டு, எண்டோஸ்கோப் கேமராவின் துணையோடு எடுக்க முடியும். தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். நெற்றி எலும்பிலேயே புடைத்து வளரும் கட்டியையும் அப்படிச் செதுக்கி எடுக்கிறார்கள். உள்ளே வெள்ளையாகப் பிசுபிசுவென்று நாற்றமடிக்கும் பொருள் நிறைந்த தோல் கட்டிக்கு வேறு வழி: இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை போட்டு, உள்ளிருப்பதைப் பிதுக்கிவிட்டு, காலியான பையைப் பிடித்து இழுத்து எடுப்பது. அந்தப் பை முழுதாக வரவேண்டும். கொஞ்சம் உள்ளே தங்கினாலும் கட்டி திரும்ப வரும், இரண்டாம் முறை எடுப்பது முதல் முறையைவிடச் சிரமம். சீழ் பிடித்துச் சிவந்திருக்கும்போது பையை எடுக்க இறங்கமாட்டார் அனுபவமுள்ள சர்ஜன். முதலில் புண்ணை ஆற்றுவார்.

எந்தத் துளையானாலும் தோலில் ஒரு தழும்பு இருக்கும். மறைவான இடத்தில், சிறிதாக இருக்கும் என்பதுதான் உண்மையான வாக்குறுதி. முன்பு ஊசி போட்ட இடமோ காது குத்திய இடமோ தடித்துப் புடைத்துப்போனவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். சர்க்கரை நோயையும், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும், மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதையும் அப்படியே.

துளையின் அளவு இரண்டாம் பட்சம். அது என்ன கட்டி என்பதே முதல் கேள்வி. காது மடலுக்குக் கீழேயோ முன்னேயோ உருளும் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து யாரிடமும் கிழிக்கக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. கண்ணை மூடவும் வாயை அசைக்கவும் வைக்கும் முகநரம்பு அதன் ஊடாகத்தான் கிளை பிரிந்து போகிறது. நரம்பு அறுபட்டால் அந்தப் பக்கத்துக் கண் மூடாது, வாய் ஒரு பக்கமாகக் கோணும். இந்தச் சுரப்பியில் வருவதில் சுமார் 80 சதவீதம் சாதுவான கட்டிகளே. ஆனால் அந்தச் சாதுக்களில் ஒரு வகை, வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் பல இடங்களில் முளைத்து வரும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் மெல்லிய ஊசியில் செல் எடுத்துப் பார்க்கும் சோதனையும் முடியாமல் இதில் கத்தி வைக்கக்கூடாது. குழந்தைக்கு மூக்கின் நடுக்கோட்டில் பிறவியிலேயே இருக்கும் கட்டியும் இப்படித்தான். அது உள்ளே மூளை வரை தொடர்பு வைத்திருக்கலாம், அதனால் ஸ்கேன் முதலில். வேகமாக வளர்வது, கல்போல் இறுகி அசையாமல் நிற்பது, ஆறாத புண்ணாகி ரத்தம் கசிவது, முகத்தில் மரப்பு வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அழகு சிகிச்சை பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிப் பக்கத்தவர்களுக்குப் போகும் இடத்துக்குப் பஞ்சமில்லை. திட்டக்குடி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம், அங்கிருந்து விருத்தாசலம் போகலாம். சிதம்பரம் அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா பெயரில் இருந்த மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. அதே வளாகத்தில் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. முகமும் தாடையும் அறுவை செய்யும் நிபுணர்கள் பல் மருத்துவப் படிப்பின் வழியாக வருகிறவர்கள், அதனால் 'பல் டாக்டருக்கு இங்கே என்ன வேலை' என்று மலைக்க வேண்டாம். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் தங்கள் கட்டிக்கு அது செல்லுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரிலேயே கேட்டுவிடலாம். அழகுக்காக மட்டும் செய்வது என்று எழுதிவிட்டால் வாய்ப்பு குறைவு.

இனி பியூட்டி பார்லர்கள். மரு, மச்சம், பால்பரு என்று எதைக் காட்டினாலும் கருவி வைத்துச் சுட்டுவிடுகிறார்கள். சுட்டதால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது, அதுதான் பெரிய ஆபத்து. மச்சம் என்று நினைத்தது தோல் புற்றின் தொடக்கமாக இருந்தால் ஆதாரமே எரிந்துபோயிருக்கும். யூடியூப் பார்த்துக் கற்பது அழகு அறுவைக்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுதியே அறிவிக்க வேண்டியிருந்தது. நிலைமை அப்படி. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. அவரே சீட்டில் அதை அச்சிட்டிருக்க வேண்டும்.

நல்ல சர்ஜன் எடுத்தாலும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு: "எடுத்த கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினீங்களா, டாக்டர்?" ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி, ஆய்வகத்துக்குப் போகவேண்டும். சாதாரணக் கட்டிதான் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது ஊகம். நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய அறிக்கையே முடிவு. அந்த அறிக்கையை வாங்காமல் தையல் பிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

சம்மதக் கையெழுத்து அடுத்தது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் மட்டும் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்தவருக்காக இன்னொருவர் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். முகக் கட்டிக்கும் இதே சட்டம்தான். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆகக்கூடும், செய்யாமல் விட்டால் என்ன, வேறு வழி உண்டா என்று உங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லவேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க' என்பது சம்மதம் வாங்குவதாகாது. மகள் முகத்துக் கட்டிக்கு அப்பா கையெழுத்துப் போட்டு வருகிற பழக்கத்தையும், அவளுக்கு 18 வயது முடிந்திருந்தால், விட்டுவிட வேண்டும்.

தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால் முதலில் காகிதம். மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. சீட்டு, பில், ஸ்கேன், அறுவைக் குறிப்பு, முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள், எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டும். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். நஷ்டஈடு என்றால் நுகர்வோர் ஆணையம். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் வந்த தீர்ப்பால் கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. யாரிடமும் காசு வாங்காத அரசு மருத்துவமனை அதற்கு வெளியே. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

தழும்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கு ஜெயிக்காது. கவனக்குறைவைக் காட்டவேண்டும், பெரும்பாலும் இன்னொரு நிபுணரின் கருத்தும் வேண்டும். ஆனால் நரம்பு அறுபட்டது, பரிசோதனை இல்லாமல் காதடிக் கட்டியைக் கிழித்தது, கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விட்டதால் புற்று தெரியாமல் போனது போன்றவை வலுவான காரணங்கள். அறுவை வேறு ஊரில் நடந்திருந்தாலும் திட்டக்குடிக்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கிட அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக்கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் கெடு.