எண்ணைத் திருத்துகிறவர்கள்

2022-இல் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் தயாராக இருந்தது. வீரர்களின் ஆட்டபலத்தைக் குறிக்கும் ஈலோ புள்ளிகளின் சராசரியைக் கொண்டு அணிகள் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அமெரிக்காவுக்கு முதலிடம், அதன் சராசரி 2770-ஐத் தாண்டியது. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சத்வானி, அதிபன் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்குப் பதினோராவது இடம். சராசரி 2650-ஐ ஒட்டி. எட்டாவது சுற்றில் அந்த இளம் அணி அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தியது. முதல் பலகையில் குகேஷ் கருவானாவை வென்றார். முடிவில் பதினான்காவது இடத்தில் வைக்கப்பட்ட உஸ்பெகிஸ்தான் தங்கம், பன்னிரண்டாவது இடத்து ஆர்மீனியா வெள்ளி, நம் இரண்டாவது அணி வெண்கலம். அமெரிக்காவுக்கு ஐந்தாவது இடம்தான் கிடைத்தது.

ஈலோ முறை பொய் சொன்னது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த எண் நேற்றுவரை ஆடியதன் கணக்கு. இன்றைக்கு ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதை அது தாமதமாகத்தான் எட்டுகிறது. 2400 புள்ளியை ஒருமுறை தொட்டவருக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் விளைவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாடு பத்தால்தான் பெருக்கப்படும். சமபலம் உள்ளவரை வென்றால் ஐந்து புள்ளி கூடும், அவ்வளவே. வளரும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஆமை வேகம். போதாததற்குக் கொரோனா காலத்தில் நேரடிப் போட்டிகளே அருகிப்போயின. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி பலம் கூட்டிக்கொண்டார்கள். பட்டியலில் எண் நின்ற இடத்திலேயே நின்றது. குகேஷ் 2684 புள்ளிகளோடு வந்தார். பதினோரு ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார், முதல் எட்டையும் தொடர்ச்சியாக வென்று. அந்த ஆட்டத்தரத்தை ஈலோ அளவில் சொன்னால் 2867. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் 183 புள்ளி, ரேட்டிங் என்ற ஏற்பாட்டின் இயல்பான பின்தங்கல்.

இந்தப் பின்தங்கலைத் தம் கையாலேயே சரிசெய்ய முனைகிறவர்கள் செஸ்ஸுக்கு வெகு தொலைவில், பனிக்கட்டித் தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியின் பழைய வீடியோ கேம்களைச் சுற்றி இருக்கிறார்கள். ‘என்.ஹெச்.எல் 94’ என்ற விளையாட்டை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993-இல் செகா மெகா டிரைவ் என்ற கேம் கன்சோலுக்கு வெளியிட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் ரசிகர்கள் அதன் கோப்பைத் திறந்து, ஆண்டுதோறும் புதிய வீரர் பட்டியலையும் புதிய மதிப்பெண்களையும் எழுதிச் சேர்க்கிறார்கள். கேமின் உள்ளே வேகம், குறி, பாஸ் கொடுத்தல், தற்காப்பு என்று ஒவ்வொரு திறனும் பெரும்பாலும் 0 முதல் 6 வரை ஒற்றை இலக்கமாகத்தான் பதிந்திருக்கிறது. ஒரு பைட்டுக்குள் இரண்டு திறன்கள் அடங்கிவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் ஓர் இலக்கத்தை 5 என்பதிலிருந்து 3 என்று மாற்றினால், திரையில் அந்த வீரரின் கால் தளர்ந்துவிடும். சிகாகோ அணியின் ஜெரமி ரோனிக் அந்த விளையாட்டில் தடுக்கவே முடியாதவர் என்று பெயர் எடுத்ததற்கு, 1993-இல் யாரோ அவருக்கு இட்ட சில இலக்கங்கள்தான் அடிப்படை.

ஆக, கேமில் உள்ள ரேட்டிங் என்பது தயாரித்தவரின் கருத்து. கருத்துக்கு மறுகருத்து உண்டு. மறுகருத்து சொல்கிறவர் ஆதாரத்தோடு சொன்னால் அவர் விமர்சகர். அவர் செய்வது குறும்பு அல்ல, மதிப்பீட்டு வேலை. அந்த வேலையின் கடினத்தைப் பார்க்க வேண்டும். குறிக்கு மதிப்பெண் இட, ஒருவர் எத்தனை முறை அடித்தார், அவற்றில் எத்தனை கோலாயின என்று விகிதம் பார்க்கலாம். ஆனால் பருவம் முழுக்கப் பத்தே முறை அடித்து மூன்று கோல் போட்டவரை, முந்நூறு முறை அடித்தவரோடு எப்படி ஒப்பிடுவது? உடலால் மோதி எதிராளியை நிறுத்தும் திறன் இன்னும் சிக்கல். 1990-களின் பிற்பகுதிக்கு முன் மோதல்களை வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல் முறையாக எண்ணி வைக்கவில்லை. 1980-களின் அணிகளை உருவாக்குகிறவர் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும், சில நூறு வீரர்களை ஏழே படிகளில் நிறுத்தியாக வேண்டும். ஒருவருக்கு 4 கொடுப்பதா 5 கொடுப்பதா என்று வரும்போது கணக்கு பாதி வழியில் கையை விட்டுவிடுகிறது. மீதி வழிக்கு ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்த அனுபவம்தான் துணை.

நம் ஊர் வாசகருக்கு இது அந்நியமான கதை அல்ல. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2006-இல் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ தமிழ்நாட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஐபிஎல் பிறந்ததோ 2008-இல். சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டை அந்த கேமுக்குள் வந்தது ரசிகர்கள் செய்த பேட்ச்களால்தான். நிறுவனம் கிரிக்கெட்டைக் கைவிட்ட பிறகும் அந்த கேமை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள். பட்டியலைத் திருத்தும் உரிமை ரசிகர்களுக்கு இல்லை என்றிருந்தால் அது அப்போதே பரணுக்குப் போயிருக்கும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை லேசானவை அல்ல. முதலாவது: செஸ் புள்ளி பலகையில் ஆடிச் சம்பாதித்தது, கேம் மதிப்பெண்ணோ மேசையில் உட்கார்ந்து இட்டது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வேறுபாடு உண்மைதான். ஆனால் சம்பாதித்த எண்ணும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. 1987 ஜனவரிப் பட்டியலில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, சூசன் போல்கர் நீங்கலாகப் பெண் வீராங்கனைகள் எல்லாருக்கும் நூறு புள்ளி கூட்டியது. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்கள் புள்ளி குறைந்திருக்கிறது என்பது காரணம். கூட்டாமல் விடப்பட்ட போல்கர் பெண்கள் தரவரிசையில் முதலிடத்தை இழந்தார். 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த அனைவரின் புள்ளியும் ஒரே சூத்திரத்தால் உயர்த்தப்பட்டது: 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் நாற்பது விழுக்காடு கூடும். 1600 இருந்தவர் ஓர் ஆட்டமும் ஆடாமல் 1760 ஆனார். முதல் திருத்தம் ஒருவருக்கு அநீதியாக முடிந்தது என்பது என் கருத்து, இரண்டாவது நியாயமானது. இரண்டிலும் காரணமும் கணக்கும் பொதுவில் இருந்தன. அதனால்தான் ஒன்றைக் குறைசொல்லவும் மற்றதை ஏற்கவும் நமக்கு முடிகிறது.

அதுவே அடுத்த எதிர்வாதத்துக்கும் விடை. ஆளாளுக்குத் திருத்தினால் தத்தம் அபிமான வீரருக்கு 6 இட்டுக்கொள்ள மாட்டார்களா? இட்டுக்கொள்வார்கள். ஆனால் பலர் கூடிப் போட்டி நடத்தும் இடத்தில் அந்தப் பட்டியல் நிற்காது. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவர், இந்த 6 எங்கிருந்து வந்தது என்று கேட்பார். தயாரிப்பாளர் இட்ட எண்ணைக் கேள்வி கேட்க 1993-இல் யாருக்கும் வழி இருக்கவில்லை. பழைய படைப்பைப் பழையபடியே விட வேண்டும் என்போரின் கவலை எனக்கு இன்னும் மதிப்பானதாகப் படுகிறது. என்.ஹெச்.எல் 94-இல் ஒரு பிழை உண்டு: எடை குறைந்தவர்களே கனத்தவர்களை எளிதில் இடித்துத் தள்ளுவார்கள். அதைத் திருத்தினால் முப்பது ஆண்டுகளாக மக்கள் கற்ற ஆட்டமே வேறாகிவிடும். இங்கே நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். ஆட்டத்தின் விதி படைப்புக்கு உரியது, அதைத் தொடத் தயங்க வேண்டும். வீரர் பட்டியலோ வெளியுலகத்தைப் பற்றிய கூற்று. உலகம் மாறினால் கூற்றும் மாறத்தான் வேண்டும். மூலக் கோப்பு அப்படியே பத்திரமாக இருக்கும்போது இதில் எதுவும் அழிவதில்லை. 2020-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே அதே கேமை அந்த ஆண்டின் வீரர்களோடு மறுபடி வெளியிட்டது. ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததை அது ஏற்றுக்கொண்டதாகவே நான் இதைக் கொள்கிறேன்.

இந்த வேலையில் இன்னும் தொடப்பட வேண்டிய பகுதி, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வென்றது. வீராங்கனைகளில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் ஆடிப் பழகியவர்கள். அவர்களை ஒரு பழைய கேமுக்குள் கொண்டுவர முனைகிறவர் கையில் சில ஆட்டங்களின் ஸ்கோர் விவரம்தான் இருக்கும். வலிமையான அணி சரமாரியாக அடித்த நாளில் கோல்கீப்பர் தடுத்த விகிதத்தை மட்டும் வைத்து அவருக்கு 2 இடுவதா, எத்தனை அடிகளை எதிர்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்து 4 இடுவதா? நான் இரண்டாவதைத்தான் செய்வேன், காரணத்தையும் பக்கத்திலேயே எழுதி வைப்பேன். அடுத்த ஆண்டு கூடுதல் ஆட்டங்களைப் பார்த்த ஒருவர் அதைத் திருத்த வசதியாக.