திருச்சியில் பிறந்த வானவில் மன்றம்: மதிப்பெண் இல்லாத ஒரு பாடவேளை

2022 நவம்பர் 28 அன்று, திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சியில் உள்ள ஆதிதிராவிடர் நல அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வானவில் மன்றத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ‘எங்கும் அறிவியல், யாவும் கணிதம்’ என்பது அதன் முழக்கம். 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காக, ரூ.25 கோடி மதிப்பீட்டில் வந்த திட்டம் இது. திருச்சி மாவட்டத்தின் பெற்றோர் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கருத்தாளர் எனப்படும் தன்னார்வலர் ஒருவர், சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கு வருவார். அறிவியல், கணித ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் வகுப்பை நடத்துவார். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பலூன், உறிஞ்சுகுழல், காந்தம், காலி பாட்டில் போதும். பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதற்குப் பரீட்சை கிடையாது.

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் அழுத்தமும்’ என்றொரு பாடம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் மேலே, நடுவே, கீழே என மூன்று துளைகளிட்டுத் தண்ணீரை நிரப்பினால், கீழ்த் துளையிலிருந்து வரும் நீர்தான் அதிக வேகத்தோடு பீறிடும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்பதை ஐந்தே நிமிடத்தில் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். திருச்சிப் பிள்ளைக்கு அந்தச் சோதனை அதோடு முடிய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அணையின் சுவர் ஏன் அடியில் அகலமாக இருக்கிறது, வெள்ளம் மதகை எப்படித் தள்ளுகிறது, ஆற்றுப்படுகையின் மணல் அரித்துப்போனால் அஸ்திவாரம் என்னவாகும்? பாட்டிலில் தொடங்கிய கேள்வி காவிரிக்கரை வரை போகும். நல்ல ஆசிரியர் அதைப் போகவிடுவார்.

அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம், கலைத் திருவிழா ஆகியவையும் நடக்கின்றன. மேடைக் கூச்சம் போவதற்கு இவற்றைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கு வெளியேயும் இப்படிக் கற்கத் திருச்சியில் இடங்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பெரும்பாலும் பிள்ளைகளை அழைத்துப்போய், புகைப்படம் எடுத்து, ஊஞ்சலாடவிட்டுத் திரும்பிவிடுகிறோம். எருக்கஞ்செடியின் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்தய வரியன் முட்டையிடும் செடி அது. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவை வீட்டுக் கொல்லையிலேயே காணலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று புத்தகத்தில் நான்கு படங்களாக இருப்பதை, ஒரே செடியை விடாமல் கவனித்துவரும் பிள்ளை உயிரோடு பார்க்கும். புதுக்கோட்டை சாலையில், விமான நிலையம் அருகே அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கமும் இருக்கிறது.

மதிப்பெண்ணுக்காக அல்லாமல் ஆர்வத்துக்காகச் செய்யும் வேலை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி.ராமன், கல்கத்தாவில் அரசின் நிதித்துறையில் வேலை பார்த்தவர். அலுவலகம் முடிந்த நேரத்தில்தான் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பதவி உயர்வுக்கு உதவாத அந்த மாலை நேர வேலை பிறகு முழுநேர ஆய்வாயிற்று. 1928-இல் ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்பும், 1930-இல் நோபல் பரிசும் அந்தப் பாதையில் வந்தவை.

இவ்வளவு இருந்தும், பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது வானவில் மன்றப் பாடவேளைதான். ‘போர்ஷன்’ முடியவில்லை என்று விளையாட்டு வகுப்பை எடுத்துக்கொள்வதைப் போலவே மன்ற வகுப்பையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விகிதம் கேட்டு அவர்களை நெருக்குகிறவர்கள் நாம்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் கட்டணம் கட்டி கீபோர்டு, செஸ், ரோபோட்டிக்ஸ் கற்றுக்கொள்ளும். கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குப் பள்ளி தரும் அந்த ஒரு பாடவேளைதான் உண்டு. அதைப் பறிப்பது அநியாயம்.

அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும்போது, இந்த மாதம் எந்தெந்த நாளில் மன்ற வகுப்பு நடந்தது என்றும் கேளுங்கள்.