உங்களுக்குத் தெரியுமா? கிளாஸுக்குள் குதிக்கும் கிளாஸ்!

பெரிய கிளாஸில் பெரும்பாலும் பீர். அதற்குள் குட்டி கிளாஸை மதுவோடு சேர்த்து அப்படியே 'தொபுக்'கென்று போடுவார்கள். ஊற்றுவது அல்ல, போடுவது! இதற்குப் பெயர் 'பாம் ஷாட்'. நாட்டுக்கு நாடு இதில் என்னென்ன கூத்து நடக்கிறது, பாருங்கள்!

கூட்டத்தில் பெரிய ஸ்டார் 'யேகர்பாம்'. இதில் விழுவது ஜெர்மனியின் யேகர்மைஸ்டர் மது. 1935-லிருந்து விற்பனையாகிறது. அதில் சேரும் மூலிகை, வேர், பழ, மசாலா வகைகள் மொத்தம் 56!

மான் ரத்தம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. சுத்தப் பொய்! மான் இருப்பது லேபிளில் மட்டும்தான்!

யேகர்மைஸ்டர் போய் விழுவது பீரில் அல்ல, ரெட்புல் பானத்தில். அந்த ரெட்புல்லின் பூர்வீகம் எது? தாய்லாந்து! பற்பசை கம்பெனி வேலையாக அங்கே போன ஆஸ்திரியர் டீட்ரிஷ் மேட்டஷிட்ஸ், உள்ளூர் பானம் ஒன்றை ருசித்து மயங்கிப்போனார். 1987-ல் அது ரெட்புல் ஆகி ஆஸ்திரியாவில் இறங்கியது. 250 மில்லி டின்னில் கஃபீன் 80 மில்லிகிராம்!

கொரியாக்காரர்களை அடிக்க ஆளே இல்லை! பீர் கிளாஸ்களை வரிசையாக நிறுத்தி, விளிம்புகளுக்கு நடுவே சோஜு மது நிரப்பிய குட்டி கிளாஸ்களை அடுக்குவார்கள். முதல் கிளாஸுக்கு ஒரே ஒரு தட்டு. சடசடவென்று அத்தனையும் உள்ளே!

அங்கேயே இன்னொரு விளையாட்டு. பேர் 'டைட்டானிக்'! பீரின் மேல் காலி சோஜு கிளாஸை மிதக்க விடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக அதில் சோஜு ஊற்ற வேண்டும். கை நடுங்கக் கூடாது, மூச்சுகூட விட மாட்டார்கள். யார் ஊற்றும்போது மூழ்குகிறதோ, அவர்தான் முழு கிளாஸையும் காலி செய்ய வேண்டும்!

பீர் கிளாஸின் மேல் இரண்டு சாப்ஸ்டிக். அதன் மேல் சாகே மதுக் கிண்ணம். மேஜையை 'டொம் டொம்' என்று குத்தினால் கிண்ணம் உள்ளே! ஜப்பானியப் பாரம்பரியம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை. இது கொடிகட்டிப் பறப்பது அமெரிக்காவில்!

கின்னஸ் பீரில் விஸ்கியும் ஐரிஷ் க்ரீமும் விழுந்தால் அடுத்த சில நொடிகளில் குடித்தே ஆக வேண்டும். தாமதித்தால், எலுமிச்சை பிழிந்த பால்போல க்ரீம் திரிதிரியாகத் திரிந்துவிடும்!

இதன் பேர் 'ஐரிஷ் கார் பாம்'. பிறந்ததோ அமெரிக்காவில்! குண்டுவெடிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளுமாக 3,500-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மோதலைக் கண்ட மண் அயர்லாந்து. அந்த ஊர் பாரில் இந்தப் பேரை மறந்தும் உச்சரிக்காதீர்கள். மிக மோசமான பேர், மாற்ற வேண்டிய பேர்!

தீயோடு விழுவதும் உண்டு! அமரெட்டோ மதுவின் மேல் 75.5 சதவீத ஆல்கஹால் உள்ள ரம்மை ஊற்றி, கொளுத்தி, பீருக்குள் போடுகிறார்கள். ருசி அப்படியே டாக்டர் பெப்பர் கூல்டிரிங்க்! ஆனால் அதில் டாக்டர் பெப்பர் ஒரு சொட்டுகூடக் கிடையாது!

அந்த டாக்டர் பெப்பருக்கு வயது என்ன தெரியுமா? அது பிறந்தது 1885-ல். கோகோ கோலாவுக்கே ஒரு வருஷம் மூத்தது!

ரெட்புல்லில் இருப்பதுபோல் மதுவோடு கஃபீன் சேர்ந்தால் போதை குறையுமா? துளிகூடக் குறையாது! தெளிவாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆல்கஹால் அப்படியே இருக்கும். அதனால்தான் கஃபீன் கலந்த மதுவை விற்ற 4 நிறுவனங்களுக்கு 2010 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது!

மது வேண்டாம், காபி போதும் என்கிறீர்களா? வடிகட்டிய சாதா கருங்காபியில் ஒரு ஷாட் எஸ்பிரெஸோ விட்டால் அமெரிக்காவில் அது 'ரெட் ஐ'. இரண்டு ஷாட் என்றால் 'பிளாக் ஐ'!

இத்தனையிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அர்ஜென்டினாவின் 'சுப்மரீனோ'! உயரமான கிளாஸில் ஆவி பறக்கும் பால். பக்கத்தில் ஒரு கட்டி டார்க் சாக்லேட். அதை நீங்களே பாலுக்குள் போட வேண்டும். மெல்ல அடியில் போய் உட்காரும். கிளறக் கிளற வெள்ளைப் பால் பழுப்பாகும். குழந்தைகளும் குடிக்கலாம். மது ஒரு துளிகூட இல்லை. இன்று மாலையே வீட்டில் போட்டுப் பாருங்கள்!